கதையின் ஓரத்தில் நிற்பவர்கள்: நந்தன் முதல் தங்கம் வரை

பாலாற்று மணலைத் தோண்டினால் நீர் சுரந்து வயலுக்குப் பாயும் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதி 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாலாஜாபாத்தில் அந்த ஆற்றோரம் வாழும் நமக்கு இன்று அதைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். தோண்டுவதற்கு மணல் எங்கே மிச்சமிருக்கிறது? சரி, அதைத் தனியாகப் பேசுவோம். இங்கே கேட்க வந்தது வேறு. இவ்வளவு அழகான ஆற்று வருணனை யாருடைய கதையில் வருகிறது?

காஞ்சிபுரத்தில் துணி வெளுத்த ஒருவரின் கதையில் வருகிறது. திருக்குறிப்புத்தொண்டர் புராணம் 128 பாடல்கள் கொண்டது. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை தொண்டை நாட்டின் நிலவளம், காஞ்சி நகரத்தின் பெருமை, கம்பை ஆற்றங்கரையில் அம்மன் செய்த பூசை என்று போகின்றன. கதைக்கு உரியவரான வண்ணார் கடைசியில்தான் வருகிறார். இருபதுக்கும் குறைவான பாடல்களில் அவர் கதை முடிகிறது. குளிரில் நடுங்கும் கிழவராகச் சிவன் வந்து அழுக்குக் கந்தையைக் கொடுக்கிறார், பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்கிறார், மழை விடாமல் பெய்கிறது, சொன்ன சொல் தவறிவிட்டதே என்று வண்ணார் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து தடுக்கிறது. அவ்வளவுதான். அவருடைய இயற்பெயர் என்ன என்பது சொல்லப்படவில்லை. குறிப்பறிந்து தொண்டு செய்தவர் என்ற பட்டம்தான் பெயராக நிற்கிறது. தன் பெயரில் எழுதப்பட்ட புராணத்திலேயே துணைப் பாத்திரமாக நிற்கும் மனிதர் அவர்!

நம் தெருக்களில் தம்பி தங்கைகள் பலர் இப்போது கதை எழுதுகிறார்கள். மகிழ்ச்சி. அவர்களிடம் பேசும்போது அடிக்கடி எழும் ஒரு கேள்வி: நாயகனையும் நாயகியையும் எப்படியோ எழுதிவிடுகிறோம், ஒரு பக்கம் வந்து போகிற ஆட்களை எப்படி வாசகர் மறக்காதபடி எழுதுவது? எழுத்துப் பயிற்சி நடத்துபவர்கள் இதற்குச் சுலபமான பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு மச்சம் கொடு, ஒரு திக்குவாய் கொடு, அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லைக் கொடு என்பார்கள். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் தட்டையான பாத்திரம், உருண்டையான பாத்திரம் என்று பிரித்தது முதல் இந்தப் பேச்சு நடக்கிறது. ஆனால் தமிழில் யார் தட்டையாக இருக்கிறார்கள், யாரை உருட்டித் திரட்டி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் அது எழுத்து நுட்பம் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்காது. நந்தன் கதை போன வழியைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணம் 37 பாடல்கள். ஆதனூரின் புலைப்பாடியை அவர் காட்டும் விதத்தைப் படித்திருப்பீர்கள். கூரை மேல் படர்ந்த சுரைக்கொடி, இரும்புக் காப்பு அணிந்த பிள்ளைகள், நாய்க்குட்டிகள், மரத்தில் தொங்கும் பறை, நெல் குத்திக்கொண்டே பாடும் பெண்கள். கண்ணால் பார்த்தவர் எழுதியது போல இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெயரோடு எழுந்து வருபவர் நந்தன் ஒருவர்தான். நெல் குத்திய பெண்ணுக்குப் பெயரில்லை. நந்தனின் தாய் யார், கூடப் பிறந்தவர் யார் என்பது இல்லை. அவர்கள் எல்லோரும் சுரைக்கொடி போல, நாய்க்குட்டி போல, சேரியின் பின்னணிப் படம்.

இன்னொன்றும் சேக்கிழாரிடம் இல்லை. நந்தனைச் சிதம்பரத்துக்குப் போகவிடாமல் தடுக்கும் ஆண்டை அங்கே கிடையாது. நந்தன் நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப் போடுவது தன் பிறப்பைப் பற்றிச் சமூகம் அவருக்குள் ஏற்றிவைத்த அச்சத்தால். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து, கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர் அவர்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை எழுதுகிறார். அங்கேதான் அந்த வேதியர் பிறக்கிறார். சேக்கிழாரிடம் இல்லாத அந்தப் பண்ணைக்காரப் பார்ப்பனர், கதையின் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டு உன் சிதம்பரத்துக்குப் போ என்கிறார். ஒரே இரவில் சிவனருளால் வேலை முடிந்து பயிர் விளைந்து நிற்க, மறுநாள் அதே வேதியர் நந்தனின் பக்திக்கு முன் தலை வணங்குகிறார்.

துணைப் பாத்திரத்தை எப்படி மறக்க முடியாதவராக ஆக்குவது என்று கேட்ட தம்பிகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. பாரதியார் வேதியருக்கு மச்சமோ திக்குவாயோ கொடுக்கவில்லை. நிலம் கொடுத்தார். அந்த நிலத்தைப் பற்றிய கவலையைக் கொடுத்தார். முடியாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தார். கடைசியில் மனம் மாறுவதற்கு ஒரு காலை நேரத்தையும் கொடுத்தார். தனக்கென்று ஒரு தேவை இருக்கிறது, அது நாயகனின் தேவையோடு மோதுகிறது, மோதலில் அவரும் மாறுகிறார். ஒரு மனிதர் கதையில் நிற்க இவ்வளவும் வேண்டும். இதையெல்லாம் பெற்றவர் ஆண்டை. ஆண்டையின் கொடுமையைக் கதைக்குள் கொண்டுவந்ததற்காகப் பாரதியாரைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நாமும் அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறோம். கூலியும் அடிமைத்தனமும் பக்திக் கதைக்குள் நுழைந்தது சிறிய காரியமல்ல. ஆனால் அந்தக் கொடுமையைச் செய்தவருக்கே மன்னிப்பும் ஞானமும் கிடைப்பதைக் கவனியுங்கள். நந்தனுக்குக் கிடைத்தது நெருப்பு.

திரைப்படம் வந்தபோது வேதியர் இன்னும் வளர்ந்தார். 1935இல் வெளியான பக்த நந்தனாரில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், அந்தக் காலத்தின் பெரிய சங்கீத வித்துவான். 1942இல் ஜெமினி எடுத்த நந்தனாரில் தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். மூல நூலில் இல்லாத ஒரு பாத்திரத்துக்குப் பேர்பெற்ற ஆட்களைத் தேடிப் போட்டார்கள். சேரியின் ஆட்கள் அப்போதும் கூட்டமாகவே ஆடினார்கள், பாடினார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் நாங்கள் பிடித்து நிறுத்த விரும்புகிறோம். கீர்த்தனையில் பெரிய கிழவன் என்று ஒருவர் வருகிறார். சேரியின் மூத்தவர். நம் குலதெய்வங்களை விட்டுவிட்டு உனக்கு எதற்கடா சிவன் என்கிற கட்சி அவருடையது. கதை அவரை அறியாமையின் உருவமாக, சிரிப்புக்காகவே நிறுத்துகிறது. இன்று படித்தால் அந்தக் கிழவன் சொல்வதில் நியாயம் தெரிகிறது. உன்னை உள்ளே விடாத சாமி உனக்கு எதற்கு என்ற கேள்வியை அந்தக் கதையில் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு காலை நேரம் கொடுக்கப்படவில்லை. நம்மில் யாராவது நந்தனை மறுபடி எழுதினால் இந்தக் கிழவனிலிருந்து தொடங்கலாம்.

மறுபடி எழுதும் வேலை முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பக்தனாக ஏற்கவில்லை. வஞ்சகத்தால் கொல்லப்பட்ட பௌத்த அரசன் என்றார். வரலாற்று ஆய்வாளர்கள் இதை எப்படி எடைபோட்டாலும், கோயில் வாசலில் நின்றவரை அரியணையில் ஏற்றிய அந்தத் துணிச்சல் நம் கதை மரபின் தொடக்கங்களில் ஒன்று.

1934இல் புதுமைப்பித்தன் புதிய நந்தன் எழுதினார். அதே ஆதனூர், ஆனால் காங்கிரசும் சுயமரியாதை இயக்கமும் வந்துவிட்ட காலம். அதில் சேரிப் பையன் ஒருவனின் பெயர் பாவாடை. பாதிரியாரிடம் போய் தானியேல் ஜான் ஆகிறான், அங்கும் சாதி துரத்த, தோழர் நரசிங்கமாகத் திரும்பி வருகிறான். மூன்று பெயர்கள். அந்த மூன்று பெயர்களிலேயே ஒரு தலைமுறையின் அலைச்சல் வந்துவிடுகிறது. ஒரு சிறுகதைக்குள் இவ்வளவு சுருக்கமாக ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்பதற்காகவே அதைப் படியுங்கள். புதுமைப்பித்தன் சேரி மக்களை எழுதியதில் நமக்கு முரண்பாடுகள் உண்டு. இந்தப் பெயர் வரிசையில் இல்லை.

கல்கியையும் தாண்டிப் போக முடியாது. அவருடைய சிவகாமியின் சபதம் நம் காஞ்சியில் நடக்கும் கதை. தேரோட்டி கண்ணபிரானும் அவன் மனைவி கமலியும் ஒற்றன் குண்டோதரனும் படித்தவர் நினைவில் இன்றும் இருக்கிறார்கள். சின்னப் பாத்திரங்களை ஓடவிட்டு, பேசவிட்டு, வாசகரைச் சிரிக்கவைத்து நிலைக்கச் செய்வதில் கல்கி கெட்டிக்காரர். அத்தனை பாகங்களைப் படித்து முடித்த பிறகும் அந்தக் கோட்டையையும் கோயிலையும் கட்டக் கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கள் நினைவில் நிற்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1992இல் வெளியிட்ட விமர்சன நூலில் இதையேதான் தன் நாட்டு இலக்கியத்தைப் பார்த்துக் கேட்டார். வெள்ளையர் நாவல்களில் வரும் கறுப்பர்கள் வெள்ளை நாயகனின் சுதந்திரத்தையும் அச்சத்தையும் காட்டுவதற்கான நிழலாகவே பயன்படுகிறார்கள் என்பது அவர் வாதம். நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. கீழவெண்மணியே போதும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் இராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வெண்மணியை நாவலுக்குள் கொண்டுவந்தது பெரிய விஷயம். ஆனால் அந்த நாவலில் யார் வழியாக நாம் அந்த ஊரைப் பார்க்கிறோம்? டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் நமக்கு ஊரைக் காட்டுகிறார்கள். நிலக்கிழாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக் குறை உளவியல் காரணமாக வைக்கப்படுகிறது. மறுபடியும் அதே வேதியர் சூத்திரம். அடிக்கிறவருக்கு ஒரு மனம், அந்த மனத்துக்கு ஒரு ஆழம். கூலி உயர்வு கேட்டவர்களுக்கு? அரைப்படி நெல் அதிகம் கேட்டவர் வீட்டில் அன்று என்ன உலை வைத்தார்கள், சங்கக் கொடியை இறக்கச் சொன்னபோது மாட்டேன் என்று முதலில் சொன்னவர் யார்? கொலை செய்தவரின் உளவியலுக்குச் செலவிட்ட பக்கங்களில் பாதியை இதற்குச் செலவிட்டிருக்கலாம். வெண்மணி நினைவிடத்துக் கல்லில் 44 பேரின் பெயர்கள் இருக்கின்றன. கதை எழுத வருகிறவர்கள் முதலில் அங்கே போய் நின்று படிக்கட்டும்.

இனி நம்மவர்கள் செய்ததைப் பார்ப்போம்.

பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. அதில் ஒரு காட்சி, படித்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பெரியவர் ஏன் அப்படிப் பிடித்தார் என்று அவர் சொன்ன பிறகு அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெரியவர் பேசுவதில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்பது முக்கியமில்லை. நூலைப் பிடித்த விரல்கள் மட்டும்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் நம் கண் முன் நடந்துகொண்டிருக்கிறார். என்ன காரணம்? பாமா அவருக்காக வாசகரிடம் இரக்கம் கேட்கவில்லை. முதலில் சிரிக்கவைத்தார். சிரித்தவர்கள் நாம் என்பதால் அவரை மறக்க முடியவில்லை. சாதியை விளக்கப் பத்துப் பக்கம் எழுதுகிற தம்பிகளே, அந்தப் பொட்டலத்தைப் பாருங்கள். கை செய்கிற வேலையைச் சரியாக எழுதினால் போதும்.

வேலை என்று சொல்லும்போது நம் ஊர்ப் பக்கத்துத் தறியும் நினைவுக்கு வருகிறது. காஞ்சிப் பட்டில் கோர்வை நெசவென்றால் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒரு பக்கக் கரைக்கான நாடாவை எறிய நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோதான் இருந்தான், இருந்தாள். பட்டுச் சேலையைப் பற்றி எத்தனை கதை, எத்தனை பாட்டு! கரை எறிந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனானா என்று கேட்ட கதைகளை விரல் விட்டு எண்ணலாம்.

பூமணியின் வெக்கை 1982இல் வந்தது. பலருக்கு 2019இல் வந்த அசுரன் படம் வழியாகத்தான் தெரியும். பரவாயில்லை, நாவலையும் படியுங்கள். பதினைந்து வயதுச் சிதம்பரம் கொலை செய்துவிட்டு அய்யாவோடு காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறான். அந்த நாவலின் வலுவான ஆட்களில் ஒருவர் அதன் முதல் பக்கத்துக்கு முன்பே செத்துப்போனவர். கொல்லப்பட்ட அண்ணன். அவர் ஒரு காட்சியிலும் உயிரோடு வருவதில்லை. தம்பியின் நினைப்பில், அம்மாவின் துக்கத்தில், வீட்டு வேலைகளில் விழுந்த ஓட்டையில் வருகிறார். ஒரு ஆள் இல்லாமல் போனதால் எந்தெந்த வேலை நின்றுபோனது என்று எழுதினால் அந்த ஆள் வந்துவிடுகிறார். பூமணி இதை ஒரு வரி விளக்கம் இல்லாமல் செய்துகாட்டினார்.

இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தபோது நமக்குள்ளேயே சண்டை நடந்தது. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம்தான் அதன் நாயகி. வீடு வீடாக ராச்சோறு எடுக்கும் அந்தப் பெண்ணின் கண் வழியே பார்த்தால் காலனி மக்களும் ஆண்டைகளாகத் தெரிகிறார்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிற நாவல் என்று தலித் விமர்சகர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இருந்தாலும் எங்கள் கட்சி ஆரோக்கியத்தின் பக்கம். காஞ்சியின் வண்ணாருக்குச் சேக்கிழார் கொடுக்காத பெயரும் பேச்சும் வாய்த் துடுக்கும் பசியும் இந்த வண்ணாத்திக்குக் கிடைத்திருக்கின்றன. அவள் நம் வாசலில் சோறு கேட்டு நின்றவள் என்பதால் அவளை மறுபடி ஓரத்துக்குத் தள்ள முடியாது.

சிவகாமி இன்னும் ஒரு படி போனார். அவருடைய பழையன கழிதலும் 1989இல் வந்தது. நாவல் தங்கத்தோடு தொடங்குகிறது. ஆதிக்க சாதி நிலக்காரனோடு உறவு என்பதற்காக அடித்து நொறுக்கப்பட்ட பறையர் விதவை அவள். தலைவர் காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவளுக்காகக் காத்தமுத்து போராடுகிறார், காவல் நிலையம் போகிறார், பேசுகிறார். அவள் மெல்ல அவருடைய வீட்டுக்குள், அவருடைய மனைவிகளில் ஒருத்தியாகக் கரைந்துபோகிறாள். யாருடைய காயத்திலிருந்து கதை பிறந்ததோ அவள் துணைப் பாத்திரமாகிவிடுகிறாள். சிவகாமி அதோடு விடவில்லை. 1997இல் ஆசிரியர் குறிப்பு என்று இன்னொரு நூலே எழுதினார். தன் நாவலைத் தானே விசாரணைக்கு எடுத்து, எதை ஏன் அப்படி எழுதினேன், எதை மறைத்தேன் என்று தன் ஊருக்கே திரும்பிப் போய்க் கேட்கிற எழுத்து அது. தமிழில் எத்தனை பெரிய எழுத்தாளர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்?

ஆகவே தம்பி தங்கைகளே, வேதியருக்குக் கிடைத்ததையெல்லாம் நம் ஆட்களுக்குக் கேட்டு வாங்குவது ஒரு பக்கம். நம் கதைகளில் யார் சுரைக்கொடியாகவும் நாய்க்குட்டியாகவும் நிற்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு பக்கம். எங்களுக்குப் படிக்க வருகிற கதைகளில் போராட்டத்துக்குப் போகும் அண்ணன் இருக்கிறார், அவருக்குச் சோறு போடும் அம்மா பெயரில்லாமல் இருக்கிறார். அருந்ததியர் வந்தால் துடைப்பத்தோடு வருகிறார். இருளர் வந்தால் பாம்பு பிடிக்கத்தான் வருகிறார்.

2019இல் காஞ்சிபுரம் பகுதியில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடக்கும் படம் நாடெங்கும் பரவியது. செய்திக்கு அவர் விழுந்த அந்த ஒரு நொடி போதும். கதை எழுதுகிறவருக்கு அதற்கு முந்தைய நாள் வேண்டும். அன்று காலை எந்த மரத்தில் அவர் முதல் வெட்டு வைத்தார், கோடாலிக்குக் காம்பு யார் போட்டுக் கொடுத்தது, எவ்வளவு கடனுக்காக அங்கே வந்தார், சாயங்காலம் யாரோடு சண்டை போட்டார், எதற்கு மாட்டேன் என்று சொன்னார்.